பழைய மோட்டார்ஹோம்ல ஷாக் அப்சார்பர் நாமளே மாத்தலாமா?

கேள்வி இதுதான். டெக்சாஸ்ல இருக்கற ஒருத்தர் 2004 மாடல் கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் சேஸிஸ் மேல வீடு கட்டின வண்டி) ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்காரு. ஃபோர்டு இ-450 சேஸிஸ், வி10 இன்ஜின், 60 ஆயிரம் மைலுக்கு மேல ஓடியிருக்கு, ஷாக் கம்பெனில போட்டதுதான் இன்னும் இருக்கு. பள்ளத்துல இறங்கி ஏறினா வண்டி மூணு நாலு தடவ மேலயும் கீழயும் ஆடித்தான் நிக்குதாம், பெரிய ட்ரக் பக்கத்துல முந்திப் போனா வண்டி ஒரு பக்கமா இழுக்குதாம், பின்பக்கம் தொங்கின மாதிரியும் இருக்காம். கடைல நாலு ஷாக்கும் மாத்தினா எல்லாம் சரியாயிடும், 1,300 டாலர் ஆகும்னு சொல்லியிருக்காங்க. நாமளே மாத்த முடியுமா, எதை வாங்கறது, மாத்தினா எல்லாம் சரியாகுமான்னு கேக்கறாரு.

மாத்தலாம், தாராளமா மாத்தலாம், இ-450ல இது ஒன்னும் பெரிய வித்தை இல்ல. ஆனா நீங்க சொன்ன மூணு கம்ப்ளெய்ன்ட்ல ஒன்னுதான் ஷாக்கோட வேலை. மத்த ரெண்டுக்கும் ஷாக் மேல பழி போட்டு காச செலவு பண்ணிட்டு, அப்புறம் "புது ஷாக் போட்டும் ஒன்னும் தெரியலயே"ன்னு புலம்பறவங்கதான் ஜாஸ்தி. அதனால முதல்ல அத பிரிச்சுப் பாத்துடுவோம், ஸ்பேனர் எல்லாம் அப்புறம் எடுக்கலாம்.

ஷாக் வண்டியோட வெயிட்ட தாங்கறதே இல்ல. வெயிட்ட தாங்கறது ஸ்ப்ரிங், உங்க வண்டில முன்னாடி காயில் (சுருள்), பின்னாடி லீஃப் (அடுக்கி வச்ச இரும்புப் பட்டை). ஸ்ப்ரிங் ஒரு தடவ அமுங்கினா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்த அடக்கறது மட்டும்தான் ஷாக் வேலை. உள்ள ஒரு பிஸ்டன், அதுல சின்ன ஓட்டைங்க, ஆயில் அது வழியா கஷ்டப்பட்டு போகுது, அந்த ஆட்டத்தோட சக்தி சூடா மாறி வெளிய போயிடுது, அவ்வளவுதான் விஷயம். ஆக, பள்ளம் தாண்டினதும் ஆடிக்கிட்டே இருக்கு பாருங்க, அது ஷாக். லூசியானா பக்கம் ஐ-10ல பேட்டன் ரூஜுக்கும் லாஃபயெட்டுக்கும் நடுவுல அச்சாஃபலாயா சதுப்பு நிலத்து மேல 18 மைலுக்கு ஒரு பாலம் போகுதே, அதுல காங்க்ரீட் ஜாயின்ட் வரிசையா வரும், ஷாக் போன வண்டில அதுல போனீங்கன்னா ஒரு ஜாயின்ட்ல எழும்பினது அடங்கறதுக்குள்ள அடுத்த ஜாயின்ட் வந்துடும், ஆட்டம் ஏறிக்கிட்டே போகும், பின்னாடி கேபினெட்ல இருக்கற தட்டு டம்ளர் எல்லாம் கச்சேரி வைக்கும். நியூ ஆர்லியன்ஸ் போற ஐடியா இருந்தா அதுவே உங்களுக்கு நல்ல டெஸ்ட்.

பின்னாடி தொங்கறதுக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஒன்னு லீஃப் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கணும், இல்ல ஓவர் வெயிட்டா இருக்கணும், பெரும்பாலும் ரெண்டாவதுதான். ட்ரக் ஸ்டாப்ல இருக்கற கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடைல போய் தண்ணி, சாமான், ஆளுங்க எல்லாம் ஏத்தின நிலைமைல நிறுத்தி எடை போடுங்க, முன் ஆக்ஸில் தனியா பின் ஆக்ஸில் தனியா சீட்டுல வரும், அத டிரைவர் கதவுல இருக்கற ஸ்டிக்கரோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிறைஞ்சிருந்தாலே 330 பவுண்டு. கிளாஸ் சி வண்டில பின் ஆக்ஸிலுக்கு அப்புறமும் பாதி வீடு நீட்டிக்கிட்டு இருக்கும், அந்தக் கடைசில சைக்கிள் ரேக், ஜெனரேட்டர், கூலர்னு ஏத்தினா அந்த வெயிட் பின்னாடி ஏறறதோட இல்லாம முன் ஆக்ஸில கொஞ்சம் தூக்கவும் செய்யும், முன்னாடி லேசானா ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனாலும் தொங்குதுன்னா ஸ்ப்ரிங்குக்கு ஒரு லீஃப் சேக்கறதோ ஏர் பேக் (காத்து அடைச்ச ரப்பர் பை) போடறதோதான் வழி.

ட்ரக் முந்தும்போது இழுக்கறது மூணாவது கதை. வண்டி பக்கவாட்டுல சாயாம பிடிக்கற ஆன்டி ரோல் பாரோட ரப்பர் புஷ், அதோட லிங்க், முன்னாடி ரேடியஸ் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் பாக்ஸ்ல ப்ளே (தளர்வு), அலைன்மென்ட், இதுங்கதான் குற்றவாளி. இ-சீரிஸ்ல முன்னாடி இருக்கறது ட்வின் ஐ-பீம், ஃபோர்டு 1965ல ட்ரக்குக்கு கொண்டு வந்த அதே ஐடியா, வலது சக்கரத்துக்கு ஒரு பீம், இடது சக்கரத்துக்கு ஒரு பீம், ரேடியஸ் ஆர்ம் ரெண்டையும் முன்ன பின்ன போகாம பிடிச்சு வச்சிருக்கும். அந்த ஆர்மோட பின் முனைல இருக்கற ரப்பர் 20 வருஷத்துல வெடிச்சு தூளாகியிருக்கும், ஸ்டியரிங்க எவ்வளவு திருத்தினாலும் அலையும். ஷாக் மாத்த கீழ படுக்கும்போதே டார்ச் அடிச்சு அதையும் பாத்துடுங்க. அலைன்மென்ட் கடைல காஸ்டர (சக்கரம் திரும்பற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற கோணம்) கூட்டி வைக்க சொல்லி கேளுங்க, இந்த சேஸிஸ்ல மேல் பால் ஜாயின்ட்ல இருக்கற அட்ஜஸ்டிங் புஷ்ஷ மாத்தித்தான் அது செய்யணும், தெரிஞ்ச ட்ரக் அலைன்மென்ட் கடையா இருக்கணும், கார் கடைல "ஸ்பெக்குக்குள்ள இருக்கு சார்"னு பேப்பர் குடுத்து அனுப்பிடுவாங்க.

அப்புறம் டயர். இத சொல்லாம போக மனசு வரல. பழைய மோட்டார்ஹோம்ல டயர் தேயாது, வயசாகித்தான் சாகும், ட்ரெட் புதுசா தெரியும் உள்ள எல்லாம் விட்டுப் போயிருக்கும். டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு இலக்கம் பாருங்க, 3515ன்னா 2015ம் வருஷம் 35வது வாரம். ரொம்ப பழசா இருந்தா கைல இருக்கற காசு முதல்ல டயருக்குத்தான் போகணும், ஷாக் ஆறு மாசம் காத்திருக்கும், ஃப்ரீவேல வெடிக்கற டயர் காத்திருக்காது. உங்க வண்டில போடற 225/75ஆர்16 டயர்ல 80 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடிக்கலாம்னு எழுதியிருக்கும், அது மேக்ஸிமம் தான், முன்னாடி வெயிட் அவ்வளவு இல்லாதபோதும் நாலாபக்கமும் 80 அடிச்சு வச்சா வண்டி கல்லு மாதிரி குதிக்கும், அதையும் ஷாக் தப்புன்னு நினைச்சுப்போம். எடை போட்ட சீட்டையும் டயர் கம்பெனியோட லோட் டேபிளையும் வச்சு காத்த செட் பண்ணுங்க.

சரி, இப்ப ஷாக் நிஜமாவே போச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது. கார்ல பண்ற மாதிரி மூலைல அமுக்கி விட்டு பாக்கறது 14 ஆயிரம் பவுண்டு வண்டில நடக்காது, ஆளு தான் ஆடுவான் வண்டி ஆடாது. முதல்ல கண்ணால பாருங்க, உடம்பு மேல லேசா ஈரம், அதுல தூசி படிஞ்சிருக்குன்னா அது சாதாரணம், ஆயில் வழிஞ்சு சொட்டு நிக்குதுன்னா கதை முடிஞ்சது. டயர் மேல உள்ளங்கைய வச்சு சுத்தி தடவுங்க, மேடு பள்ளமா மாறி மாறி தட்டுச்சுன்னா சக்கரம் ரோட்ல ஒழுங்கா உக்காராம குதிச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனக்குப் பிடிச்ச டெஸ்ட் சூடு பாக்கறதுதான், மோசமான ரோட்ல ஒரு அரை மணி ஓட்டிட்டு நிறுத்தி, அந்த துப்பாக்கி மாதிரி இருக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல நாலு ஷாக்கையும் அடிச்சுப் பாருங்க, வேலை செய்யறது சூடாகியிருக்கும், செத்தது சும்மா ஜில்லுனு இருக்கும். ஒரே ஆக்ஸில்ல இடதையும் வலதையும் ஒப்பிடணும், எக்ஸாஸ்ட் பக்கத்துல இருக்கறது தானாவே சூடாகும், அத கணக்குல வச்சுக்கங்க. அதுலயும் சந்தேகம்னா கீழ் போல்ட்ட மட்டும் கழட்டி ஷாக்க கையால இழுத்து தள்ளிப் பாருங்க, இழுக்கும்போதும் தள்ளும்போதும் நடுவுல விடாம கனமா மெதுவா வரணும், நடுவுல ஒரு இடத்துல திடீர்னு வெறுமனே வழுக்கிட்டு போச்சுன்னா உள்ள ஆயில் கம்மி, இல்ல வால்வு போச்சு. மன்ரோ கம்பெனி பொதுவா 50 ஆயிரம் மைல்ல மாத்த சொல்லுது, ஆனா மோட்டார்ஹோம் வருஷம் பூரா ஃபுல் லோட்லயே இருக்கற வண்டி, நிறுத்தி வச்சாலும் ரப்பரும் சீலும் வயசாகும், உங்களோடது 20 வருஷத்துக்கும் மேல ஆன ஷாக்ங்கறதால நான் டெஸ்ட் எல்லாம் பண்ணாமலே மாத்துவேன்.

எதை வாங்கறது. கம்மி விலைல மன்ரோ காஸ் மேக்னம், நடுவுல பில்ஸ்டைன், அதுக்கு மேல கோனி. பில்ஸ்டைன் மோனோட்யூப், ஒரே குழாய், அதுல ஆயில ஒரு பக்கமும் ஹை பிரஷர் நைட்ரஜன இன்னொரு பக்கமும் ஒரு மிதக்கற பிஸ்டன் பிரிச்சு வச்சிருக்கும், அதனால எவ்வளவு ஓடினாலும் ஆயில் நுரைக்காது, நீண்ட நேரம் குண்டும் குழியுமா போனாலும் விறைப்பு குறையாது. கோனில எஃப்.எஸ்.டி.ன்னு ஒரு வகை மோட்டார்ஹோமுக்குன்னு வந்தது, வண்டி மெதுவா பெருசா ஆடறப்போ இறுக்கமாவும், ரோட்டோட சின்னச் சின்ன வேகமான அதிர்வுக்கு இளக்கமாவும் தானா மாறிக்கும். உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு கோனி சுகம், ஓட்டறவனுக்கு பில்ஸ்டைன் திருப்தி, இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க. இ-450க்கு நான் பில்ஸ்டைன் போடுவேன், வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் வண்டிய எடுப்பேன்னா மன்ரோவே போதும். எதை எடுத்தாலும் ஒரு ஆக்ஸில்ல ஜோடியா மாத்தணும், முடிஞ்சா நாலும் ஒரே தடவைல.

ஆர்டர் போடும்போதுதான் நிறைய பேர் மாட்டறது. உங்க மோட்டார்ஹோம் 2004ன்னு பேப்பர்ல இருக்கும், ஆனா வீட்டைக் கட்டினது ஒரு கம்பெனி, அடியில இருக்கற சேஸிஸ் ஃபோர்டு, அது முந்தின வருஷ மாடலா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. பார்ட்ஸ் கடைல போய் மோட்டார்ஹோம் பேரச் சொன்னா கம்ப்யூட்டர்ல எதுவும் வராது, இ-350ன்னு எதையாவது எடுத்துக் குடுப்பாங்க. சேஸிஸோட வி.ஐ.என். நம்பரையும் (வண்டியோட அடையாள எண்) கதவு ஸ்டிக்கர்ல இருக்கற தயாரிச்ச மாசம் வருஷத்தையும் குடுத்துக் கேளுங்க. அதோட பழைய ஷாக்கோட ரெண்டு முனையையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கம்பி நீட்டி மேல நட்டு போடற ஸ்டெம் டைப்பா, போல்ட் உள்ள போற கண் டைப்பான்னு, பார்சல் வந்ததும் கழட்டறதுக்கு முன்னாடியே பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

வேலைக்கு வருவோம். இந்த வண்டில சிறப்பு என்னன்னா அடியில படுக்க ஏற்கனவே இடம் இருக்கு, தூக்க வேண்டியதே இல்ல. சமமான காங்க்ரீட் தரைல நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து, எல்லா டயரும் தரைல இருக்கும்போதே மாத்துங்க. இதுல இன்னொரு காரணமும் இருக்கு, வண்டிய ஃப்ரேம்ல தூக்கிட்டா ஆக்ஸில் கீழ தொங்கும், தொங்கற ஆக்ஸில் எவ்வளவு இறங்கலாம்னு பிடிச்சு நிறுத்தறதுல ஷாக்குக்கும் பங்கு உண்டு, அந்த நேரத்துல ஷாக்க கழட்டினா ஐ-பீம் மடக்குனு இறங்கி பிரேக் ஹோஸ இழுக்கும். தூக்கியே ஆகணும்னா ஆக்ஸில் அடியில 6 டன் ஸ்டாண்ட் குடுங்க. வண்டிலயே வர்ற லெவலிங் ஜாக்க நம்பி மட்டும் அடியில போகாதீங்க, அது வீட்டை சமமா வைக்கறதுக்கு குடுத்தது, ஆள் படுக்கறதுக்கு இல்ல. சமையல் காஸ் டேங்க் வால்வ மூடிடுங்க, ஜெனரேட்டர் பெட்ரோல் லைனும் காஸ் லைனும் ஃப்ரேம் ஓரமாத்தான் ஓடும், எது எங்க போகுதுன்னு பாத்து வச்சுக்கங்க. இந்த காரணத்துக்குத்தான் நெருப்பு டார்ச் வச்சு நட்ட சூடு பண்றத நான் இந்த வண்டில சொல்ல மாட்டேன்.

ரெண்டு நாளைக்கு முன்னாடியிருந்தே காலைல சாயங்காலம் நட்டு மேல பிபி பிளாஸ்டர் மாதிரி துருவ இளக்கற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, சாதாரண டபிள்யூ.டி.-40 இதுக்கு பத்தாது. அடிக்கறதுக்கு முன்னாடி வயர் பிரஷ்ல நூல் மேல இருக்கற சேற தேச்சு விடுங்க, இல்லன்னா ஸ்ப்ரே சேத்துலயே நின்னுடும்.

முன்பக்கம் ஸ்டெம் டைப்ல வர்ற ஒரே தலைவலி, மேல் நட்ட திருப்பினா கூடவே கம்பியும் சேந்து சுத்தறது. கம்பி நுனில சின்னதா தட்டையா ரெண்டு பக்கம் சீவியிருக்கும், அத ஒரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு நட்ட இன்னொன்னுல திருப்பணும், பழசுல அந்த சீவினது துருவுல மழுங்கிப் போயிருக்கும், வைஸ் கிரிப்ப நல்லா இறுக்கி கடிக்க விடுங்க. பழைய ஷாக்க தூக்கிப் போடத்தான் போறோம், கம்பி கீறலானா என்ன போச்சு. ஸ்டியரிங்க ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு வச்சா கை போக இடம் கிடைக்கும். எதுக்குமே மசியலன்னா நட் ஸ்ப்ளிட்டர், அதுவும் ஆகலன்னா கட்டிங் பிளேட், ஆனா வெட்டறது நட்டையோ கம்பியையோ மட்டும்தான், ஷாக்கோட உடம்புல பிளேடு படவே கூடாது, உள்ள காஸ் அழுத்தத்துல இருக்கு, ஆயிலும் முகத்துல அடிக்கும். கண்ணாடி போடாம அடியில போறவங்களுக்கு நான் சொல்ல ஒன்னும் இல்ல, துரு கண்ணுல விழுந்தா தெரியும்.

கழட்டும்போது வாஷர், ரப்பர் எந்த வரிசைல இருந்துச்சுன்னு போட்டோ. கிண்ணம் மாதிரி குழிஞ்ச வாஷர்னா குழி ரப்பர் பக்கம் இருக்கணும். புது காஸ் ஷாக் அமுக்கி ஒரு பட்டை கட்டி வரும், அந்தப் பட்டைய அவசரப்பட்டு வெட்டிடாதீங்க, வெட்டினதும் அது முழு நீளத்துக்கு நீண்டுடும், மறுபடி அமுக்கி உள்ள நுழைக்கறது ஒரு ஆள் வேலை இல்ல. முதல்ல மேல் முனைய நுழைச்சு நட்ட கைல சுத்திட்டு, கீழ் முனைய போல்ட் ஓட்டைக்கு நேரா வச்சுக்கிட்டு, அப்புறம் பட்டைய வெட்டுங்க, மெதுவா நீண்டு வந்து ஓட்டைக்கு நேரா வரும்போது போல்ட்ட தள்ளிடணும். கைய ரெண்டுக்கும் நடுவுல வைக்காதீங்க. மன்ரோ மாதிரி ட்வின் ட்யூப் (குழாய்க்குள்ள இன்னொரு குழாய்) எடுத்திருந்தா மட்டும் பட்டைய முதல்லயே எடுத்துட்டு, மாட்டறதுக்கு முன்னாடி நிமித்தி பிடிச்சு அஞ்சாறு தடவ முழுசா இழுத்து அமுக்கிடுங்க, பெட்டில படுத்துக் கிடந்ததுல உள் குழாய்ல ஏறின காத்து வெளிய போயிடும்.

இறுக்கற விஷயத்துல ரெண்டு முனைக்கும் ரெண்டு கணக்கு. ஸ்டெம் பக்கம் ரப்பர் பிதுங்கி வாஷரோட விளிம்புக்கு சமமா வர்ற வரைக்கும் போதும், அதுக்கு மேல முறுக்கினா ரப்பர் நசுங்கி சீக்கிரம் கிழியும். கண் பக்கம் போல்ட்ட டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்துல இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வச்சு ஃபோர்டு சேஸிஸ் மேனுவல்ல இருக்கற அளவுக்கு இறுக்கணும், வண்டியோட வெயிட் முழுசா சக்கரத்து மேல இருக்கும்போதுதான் அந்த கடைசி இறுக்கு, தூக்கின நிலைமைல இறுக்கிட்டு இறக்கினா உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து பிஞ்சு போகும். எல்லாம் முடிஞ்சதும் ஸ்டியரிங்க இந்தக் கடைசி அந்தக் கடைசி திருப்பி, பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் எதுவும் புது ஷாக்குல உரசலன்னு பாருங்க, பில்ஸ்டைன் உடம்பு பழசை விட குண்டா இருக்கலாம். ஒரு 50 மைல் ஓட்டிட்டு திரும்ப எல்லா நட்டையும் ஒரு தடவ செக் பண்ணுங்க.

வேற சேஸிஸ் வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. 80, 90கள்ல வந்த ஷெவர்லே பி-30 கிளாஸ் ஏ வண்டிங்கள்ல முன் காயில் ஸ்ப்ரிங் உள்ளயே ஏர் பேக் இருக்கும், மூக்கு தொங்குது, முன்னாடி தட்டுதுன்னா முதல்ல அதுல காத்து நிக்குதான்னு பாருங்க. ஃபோர்டு எஃப்-53ல முன்னாடியும் லீஃப் ஸ்ப்ரிங்தான், அது பொதுவாவே கொஞ்சம் முரட்டு வண்டி, ஷாக் மாத்தினா வித்தியாசம் தெரியும், ஆனா சொகுசு காரா மாறிடும்னு எதிர்பாக்காதீங்க. பின்னாடி டீசல் இன்ஜின் வச்ச ஏர் சஸ்பென்ஷன் வண்டிங்க இருக்கே, அதுல ஃப்ரேமுக்கு அடியில ஸ்டாண்ட் வைக்காம தலைய விடவே விடாதீங்க, ஏர் பேக்ல காத்து இறங்கினா வண்டி அப்படியே தரைக்கு வரும், இதுல ஆளுங்க செத்திருக்காங்க. ஐரோப்பா பக்கம் ஃபியட் டுகாட்டோ மேல கட்டின வண்டிங்கள்ல முன்னாடி ஸ்ட்ரட், ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒன்னா இருக்கும், ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் வச்சு பழக்கம் இல்லாதவங்க அத கடைலயே குடுத்துடுங்க.

உங்களுக்கு நான் சொல்ற வரிசை: டயர் தேதி, எடை, காத்து, அப்புறம் நாலு பில்ஸ்டைன், அடியில இருக்கும்போதே ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷும் ஆன்டி ரோல் பார் ரப்பரும். ரப்பரெல்லாம் மாத்தினதுக்கு அப்புறம் அலைன்மென்ட், முன்னாடி பண்ணினா ரெண்டு தடவ காசு. கடைக்காரங்க கேட்ட 1,300 அநியாயம்னு சொல்ல மாட்டேன், துருப்பிடிச்ச வண்டில அவங்களுக்கும் நேரம் ஆகும், ஆனா அதே காசுல நீங்களே பண்ணினா ஷாக்கும் ரப்பரும் வாங்கி அலைன்மென்ட்டும் பண்ணி டார்க் ரெஞ்சும் மிச்சமா கைல இருக்கும். நட்டு எந்த சைஸ்னு இப்பவே அடியில போய் ஒரு தடவ சாக்கெட் வச்சுப் பாத்துடுங்க, பாதி கழட்டினப்புறம் கடைக்கு ஓடறதுக்கு இருக்கற ஒரே வண்டி அதுவா இருக்கப் போகுது.